‘ஜன்னி’ என்று சொன்னார்கள்

என் வளைகாப்புக்கு அத்தை வாங்கி வந்த கண்ணாடி வளையல்கள் ரெண்டு ஆறு அளவு. கையைத் தூக்கினால் முழங்கைப் பக்கம் ஓடும், இறக்கினால் மணிக்கட்டில் வந்து விழும். வயிற்றுப் பிள்ளைக்கு அந்தச் சத்தம் கேட்க வேண்டும் என்று கொஞ்சம் தளர்வாகவே பார்த்து வாங்கியிருந்தார். பதினெட்டு நாள் கழித்து, ஒரு காலையில் பல் துலக்கும்போதுதான் கவனித்தேன். சத்தமே வரவில்லை. வளையல்கள் மணிக்கட்டுக்கு மேலே சதையில் பதிந்து அப்படியே நின்றன.

2019 செப்டம்பர். எனக்கு 31 வயது, முதல் பிள்ளை, முப்பத்து மூன்றாவது வாரம் நடந்துகொண்டிருந்தது. திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை. முதல் ஏழு மாதமும் அங்கேயே ஒரு தனியார் மருத்துவமனையில் பார்த்தோம். வளைகாப்பு முடிந்ததும், எல்லாரையும் போல, ஒரத்தநாட்டுப் பக்கம் இருக்கும் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன்.

“ஏழு மாசம் தாண்டுனா நீர் கோக்கத்தான் செய்யும்” என்றாள் அம்மா. பார்லி கஞ்சி வைத்துத் தந்தாள். குழம்பில் உப்பைக் குறைத்தாள். கால் வீங்கினால் சுகப்பிரசவம் என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னார். எனக்கும் அதை நம்பப் பிடித்திருந்தது. மெட்டி ஏற்கெனவே கழன்று அலமாரிக்குப் போயிருந்தது. இரண்டு நாளாகப் பின்மண்டையில் ஒரு வலி. பயணக் களைப்பு, தூக்கமின்மை, வெயில் என்று அதற்கும் ஒவ்வொரு நாளும் ஒரு காரணம் கிடைத்தது.

இதற்கு முந்தைய வாரந்தான் பக்கத்து ஊரில் ஒரு சின்ன கிளினிக்குக்குப் போயிருந்தோம். செவிலியர் பி.பி. பார்த்தார். “எவ்வளவு?” என்று கேட்டேன். “நார்மல்தாம்மா” என்றார். சீட்டில் எழுதியிருப்பதைப் பிறகுதான் பார்த்தேன்: 136/88. 140/90 தொடாதவரை அது நார்மல்தான், அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் என் பழைய எண்கள் அவரிடம் இல்லை. அவை திருப்பூரில், பீரோவுக்குள், ஒரு பிளாஸ்டிக் ஃபைலில் இருந்தன. பன்னிரண்டாவது வாரம் 108/68. இருபதாவது வாரம் 104/64. இருபத்தெட்டாவது வாரம் 118/78. இந்த மூன்றையும் அந்த 136/88க்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால், “மூணு நாள் கழிச்சு மறுபடியும் வாம்மா” என்று யாராவது சொல்லியிருப்பார்கள்.

அந்தப் புதன்கிழமை, அண்ணன் மகனுக்குத் தடுப்பூசி போட அண்ணி துணை சுகாதார நிலையத்துக்குக் கிளம்பினார். வீட்டில் சும்மா இருப்பதற்கு நானும் வருகிறேன் என்று கூடப் போனேன். கிராம சுகாதார செவிலியரை எங்கள் ஊரில் எல்லாரும் நர்சம்மா என்றுதான் கூப்பிடுவோம். பையனுக்கு ஊசி போட்டு அட்டையில் எழுதிக்கொண்டே என் கையைப் பார்த்தார்.

“என்னம்மா வளையல் இப்படிப் பதிஞ்சு கெடக்கு? மொகமும் ஊதியிருக்கே. தலை வலிக்குதா?”

“ரெண்டு நாளா.”

“கண்ணு முன்னால மின்னுற மாதிரி, பூச்சி பறக்கற மாதிரி ஏதாவது?”

முந்தின இரவு எழுந்து தண்ணீர் குடிக்கப் போனபோது, இருட்டில் மின்மினிகள் போல் புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. மேல் வயிறு வலப்பக்கம் இறுக்கிப் பிடித்தது. நாற்காலியில் சாய்ந்து உட்காரச் சொன்னார். ஐந்து நிமிடம் பேசாமல் இருக்கச் சொன்னார். காலைத் தரையில் ஊன்றி, கையை மார்பு உயரத்துக்கு மேசைமேல் வைத்து, பட்டையைச் சுற்றினார். ஒருமுறை பார்த்தார். கொஞ்ச நேரம் விட்டு மறுபடியும் பார்த்தார். 164/112. பிறகு சிறுநீர் பிடித்து வரச் சொல்லி அதில் ஒரு சோதனைத் தாளை நனைத்தார். மஞ்சளாக இருந்த நுனி பச்சையாக மாறியது. எங்கள் பக்கம் இதை “நீர்ல உப்பு போகுது” என்பார்கள். உண்மையில் போவது உப்பு இல்லை, புரதம். அந்தச் சொல்லை நம்பித்தான் எத்தனையோ வீடுகளில் பிள்ளைத்தாச்சியின் தட்டிலிருந்து உப்பை எடுக்கிறார்கள். உப்பைக் குறைப்பதால், கர்ப்பத்தில் பி.பி. ஏறும் இந்த நோய் வராமல் தடுக்கப்படுவதில்லை.

நர்சம்மா 108க்குப் போன் செய்தார். அண்ணியிடம் அம்மாவைக் கூட்டிவரச் சொன்னார். வண்டி வரும்வரை என்னை இடப்பக்கமாகப் படுக்கவைத்து, சோப்பு நீர் தடவி வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். இரண்டு வரவில்லை. அவற்றைத் துணி சுற்றி உடைத்தார்.

வழியில் ஓர் அரசு மருத்துவமனையில் பி.பி.யைக் குறைக்க நிஃபெடிபின் மாத்திரை கொடுத்தார்கள். மெக்னீசியம் சல்பேட் ஊசி, இடுப்பின் இரண்டு பக்கமும் 5 கிராம் வீதம் போட்டார்கள். அந்த வலியை எழுத்தில் கொண்டுவர என்னால் முடியாது. ஆனால் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும் சாலையில் வலிப்பு வராமல் காத்தது அதுதான். அங்கிருந்து தஞ்சாவூர் ராசா மிராசுதார் ஆஸ்பத்திரி. அங்கே போனதும் மறுபடி ஊசி, சிறுநீருக்குக் குழாய், மணிக்கு ஒருமுறை ஒருவர் வந்து முழங்காலில் சின்னச் சுத்தியலால் தட்டுவார், மூச்சை எண்ணுவார், பையில் எவ்வளவு சிறுநீர் சேர்ந்திருக்கிறது என்று குனிந்து பார்ப்பார். மெக்னீசியம் உடம்பில் அதிகமானால் முதலில் முழங்கால் துள்ளல் போகும், அப்புறம் மூச்சு தளரும். அதற்கு மாற்று மருந்தாகக் கால்சியம் குளுக்கோனேட் பக்கத்துத் தட்டிலேயே தயாராக இருந்தது. இதையெல்லாம் எனக்குச் சொன்னது ஒரு பட்டமேற்படிப்பு மாணவி. அவர் செய்ததை நான் மறக்கமாட்டேன். அரை மயக்கத்தில் கிடந்தவளிடம் ஒவ்வொன்றையும் ஏன் செய்கிறோம் என்று சொல்லிச் சொல்லிச் செய்தார்.

அவர்தான் அம்மாவிடம் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

“அம்மா, உங்களுக்குப் பிரசவத்துல பி.பி. இருந்துச்சா?”

“இல்லம்மா. அப்பல்லாம் பி.பி.யெல்லாம் யாரு பாத்தா?”

“வலிப்பு வந்துச்சா? ஜன்னின்னு ஏதாவது சொன்னாங்களா?”

அம்மா பதில் சொல்லவில்லை. என் கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பிறகு என்னைப் பார்க்காமல் அந்தப் பெண்ணிடம் சொன்னாள்.

“இவ அண்ணனுக்கு முந்தி ஒரு புள்ள. எம்பத்து மூணுல. மொகமெல்லாம் ஊதிப்போச்சு. தலைய ரெண்டா பொளக்குற மாதிரி வலி. அப்புறம் எனக்கு ஒண்ணும் தெரியாது. கண்ணு முழிச்சப்ப இதே தஞ்சாவூரு ஆஸ்பத்திரியில கெடந்தேன். நாக்கு கடிபட்டு வீங்கியிருந்துச்சு. புள்ள தங்கலன்னாங்க. ஜன்னி கண்டுருச்சுன்னு எங்க அம்மா சொன்னுச்சு.”

எனக்கு ஓர் அக்கா இருந்தாள் என்பது எனக்கு 31 வயதில், கையில் ஊசி ஏறிக்கொண்டிருக்கும்போது தெரிந்தது.

அம்மாயிக்கும் அதற்கு மேல் தெரியாது. யாரோ காத்துக்கருப்பு என்றிருக்கிறார்கள், மந்திரித்திருக்கிறார்கள். மருத்துவமனையில் ஏதாவது காகிதம் கொடுத்திருந்தாலும் வீட்டில் யாரும் அதை வைத்துக்கொள்ளவில்லை. ‘ஜன்னி’ என்ற ஒரு சொல்லோடு அந்தக் கதை மூடப்பட்டது. பிரசவ நேரத்தில் வருகிற எந்த வலிப்பையும், எந்தக் காய்ச்சல் பிதற்றலையும் நம் ஊரில் அந்தச் சொல்லுக்குள் போட்டுவிடுவார்கள். அதற்குள் மருத்துவர்கள் எக்ளாம்ப்சியா என்று சொல்லும் சூல்வலிப்பும் இருக்கிறது. அந்தக் கிரேக்கச் சொல்லின் வேரில் இருப்பது மின்னல். திடீரென்று வெட்டுவதால் அந்தப் பெயர்.

ஆனால் வலிப்பு வருவதற்கு முன்பே பெரும்பாலும் உடம்பு சொல்லிவிடுகிறது. 1843இல் லண்டன் கைஸ் மருத்துவமனையில் ஜான் லீவர் என்ற மருத்துவர், வலிப்பு வந்த கர்ப்பிணிகளின் சிறுநீரைக் காய்ச்சிப் பார்த்தபோது அதில் முட்டை வெள்ளைக்கரு போலப் புரதம் திரண்டதைக் கண்டார். கையில் பட்டை சுற்றி இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி வந்தது 1896இல்தான். அது வந்த பிறகுதான், வலிப்புக்கு முன்னால் அழுத்தம் ஏறுகிறது என்பதையும் பார்க்க முடிந்தது. எங்கள் நர்சம்மா வேலைக்குச் சேர்ந்த காலத்தில்கூட ஸ்பிரிட் விளக்கில் சோதனைக் குழாயைக் காய்ச்சித்தான் புரதம் பார்ப்பார்களாம்.

அழுத்தம் ஏன் ஏறுகிறது? எனக்குப் புரிந்த வகையில் சொல்கிறேன். கருப்பைக்கு இரத்தம் கொண்டுவரும் நுண்குழாய்கள் சுருள் சுருளாக, குறுகலாக இருக்கும். கர்ப்பத்தின் முதல் பாதியில் நஞ்சுக்கொடியின் செல்கள் அவற்றுக்குள் புகுந்து அவற்றை அகலப்படுத்த வேண்டும். எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு இது எளிதில் விளங்கும். கல்லணைக் கால்வாயில் எவ்வளவு தண்ணீர் வந்தாலும் கிளை வாய்க்கால் தூர்வாரப்படாமல் இருந்தால் கடைமடைக்கு எட்டாது. அப்படித்தான், அந்தக் குழாய்கள் அகலப்படவில்லை என்றால், பிள்ளை வளர வளர நஞ்சுக்கொடிக்கு இரத்தம் போதாது. அந்த நெருக்கடியில் நஞ்சுக்கொடி சில பொருள்களைத் தாயின் இரத்தத்தில் விடுகிறது. அவை தாயின் இரத்தக் குழாய்களின் உட்சுவரைக் கெடுக்கின்றன. குழாய்கள் இறுகுகின்றன, கசிகின்றன. இறுகுவதால் அழுத்தம் ஏறுகிறது. சிறுநீரகத்தில் கசிந்தால் புரதம் போகிறது. மூளையில் தலைவலி, கண்ணில் மின்னல், கல்லீரலில் அந்த வலப்பக்க வலி.

அந்தப் பொருள்களில் முக்கியமான ஒன்றை 2003இல் அடையாளம் காட்டியவர்களில் ஒருவர் எஸ். அனந்த் கருமஞ்சி. சென்னையில் மருத்துவம் படித்து, பாஸ்டனில் சிறுநீரக மருத்துவராக இருந்தவர். எஸ்-எஃப்எல்டி-1 என்ற அந்தப் புரதம், இரத்தக் குழாய்களை நலமாக வைத்திருக்கும் வளர்ச்சிக் காரணிகளைப் பிடித்து முடக்கிவிடுகிறது. எலிகளுக்கு அதைக் கொடுத்தபோது அவற்றுக்கும் அழுத்தம் ஏறியது, சிறுநீரில் புரதம் போனது. இப்போது அந்தப் புரதத்தின் அளவை வைத்து, மருத்துவமனையில் இருக்கும் கர்ப்பிணிக்கு நோய் முற்றுமா என்று கணிக்கும் இரத்தப் பரிசோதனைக்கு 2023இல் அமெரிக்கா ஒப்புதல் கொடுத்திருக்கிறது. இதைப் படித்தபோது எனக்குத் தோன்றியது ஒன்று. நாம் அந்த உறுப்பை நஞ்சுக்கொடி என்கிறோம். பிரசவம் ஆனதும் “நஞ்சு விழுந்துருச்சா?” என்றுதான் கிழவிகள் கேட்பார்கள். மேல்நாட்டு மருத்துவர்களும் இந்த நோயை வெகுகாலம் ‘டாக்சீமியா’, அதாவது இரத்தத்தில் நஞ்சு கலந்த நிலை, என்றே அழைத்தார்கள். நஞ்சுக்கொடி வெளியே வந்தால்தான் நோய் இறங்கத் தொடங்கும். பிரசவந்தான் மருந்து என்று அந்த மாணவி சொன்னதற்கு அதுதான் பொருள்.

பெயர்களையும் சொல்லிவிடுகிறேன், சீட்டில் எழுதியிருந்தால் புரிந்துகொள்ள உதவும். கர்ப்பத்துக்கு முன்பே அல்லது இருபது வாரத்துக்குள் அழுத்தம் 140/90க்கு மேல் இருந்தால் அது நாட்பட்ட உயர் இரத்த அழுத்தம். இருபது வாரத்துக்குப் பிறகு ஏறி, வேறு தொல்லை இல்லை என்றால் கர்ப்பகால உயர் இரத்த அழுத்தம். அதோடு சிறுநீரில் புரதமோ, கல்லீரல், சிறுநீரகம், இரத்தத் தட்டணுக்கள், மூளை இவற்றில் பாதிப்போ சேர்ந்தால் பிரீஎக்ளாம்ப்சியா. புரதம் இல்லாமலும் அது வரலாம். “யூரின் சுத்தமா இருக்கு” என்று மட்டும் கேட்டு நிம்மதியாகிவிட முடியாது. 160/110ஐத் தொட்டால் அது தீவிரம், அன்றைக்கே, அந்த மணி நேரத்திலேயே மருந்து வேண்டும். வலிப்பு வந்தால் எக்ளாம்ப்சியா. முதல் மூன்று மாதத்தில் ஒருமுறைகூட பி.பி. பார்க்காமல் எட்டாம் மாதத்தில் 150/100 என்று வந்து நிற்கும் பெண்ணுக்கு, இது பழைய அழுத்தமா புதியதா என்று யாராலும் சொல்ல முடியாது. ஆரம்பத்தில் எடுக்கும் அந்த ஓர் எண்ணுக்கு அவ்வளவு மதிப்பு.

உலகம் முழுவதும் நேரும் தாய் மரணங்களில் சுமார் 16 விழுக்காட்டுக்கு இந்த அழுத்தக் கோளாறுகளே காரணம். இரத்தப்போக்குக்கு அடுத்த இடம். 2018–20 காலத்துக் கணக்கில் ஒரு லட்சம் உயிர்ப் பிறப்புகளுக்கு இந்திய அளவில் 97 தாய்மார்கள் இறந்தார்கள், தமிழ்நாட்டில் 54 பேர். நம் நிலைமை மேல்தான். அந்தப் புதன்கிழமை நர்சம்மா கையில் பட்டையும் கருவியும் இருந்ததும், 108 வந்ததும், வழியிலேயே ஊசி கிடைத்ததும்தான் அந்த வேறுபாடு. என் அம்மாவுக்கு 1983இல் அந்த ஊசி கிடைத்திருக்க வாய்ப்பு குறைவு. அன்றைக்கு இந்தியாவில் பரவலாக இருந்தது, சென்னை எழும்பூர் மகப்பேறு மருத்துவமனையின் எம். கே. கிருஷ்ண மேனன் 1961இல் எழுதிய முறை. பெத்திடின், குளோர்புரோமசின், புரோமெதசின் மூன்றும் கலந்து, நோயாளியை மயக்கத்திலேயே வைத்து வலிப்பை அடக்குவார்கள். அந்தக் காலத்துக்கு அது பெரிய முன்னேற்றம், பல உயிர்களைக் காத்தது. மெக்னீசியம் சல்பேட் மற்ற மருந்துகளைவிட மேல் என்பது 1995இல் வந்த பன்னாட்டு ஆய்வில்தான் உறுதியானது. வலிப்பு வருவதற்கு முன்பே கொடுத்தால் வலிப்பின் ஆபத்து பாதிக்கும் கீழே குறைகிறது என்பதை 2002இல், 33 நாடுகளில் பத்தாயிரம் பெண்களை வைத்துச் செய்த மேக்பை ஆய்வு காட்டியது. விலை மிகக் குறைந்த ஓர் உப்புதான் அது.

சரி, யாருக்கு வரும்? இந்தக் கட்டுரையை நான் எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

முந்தைய கர்ப்பத்தில் வந்திருந்தால் மறுபடியும் வரும் வாய்ப்பு அதிகம். ஏற்கெனவே பி.பி., சர்க்கரை, சிறுநீரக நோய், லூபஸ் போன்ற தன்னெதிர்ப்பு நோய் இருந்தால் அதிகம். இரட்டைப் பிள்ளை என்றால் அதிகம். இவை பெரிய காரணங்கள், ஒன்று இருந்தாலே மருத்துவர் கவனமாகிவிடுவார். அடுத்தது, ஒவ்வொன்றும் தனியாகச் சின்னதாகத் தெரிகிறவை: முதல் பிள்ளை, நாற்பதை நெருங்கும் அல்லது தாண்டிய வயது, அதிக உடல் எடை, கடைசிப் பிரசவத்திலிருந்து பத்து ஆண்டுக்கு மேல் இடைவெளி, செயற்கைக் கருத்தரிப்பு, அப்புறம் பெற்ற தாய்க்கோ உடன்பிறந்த அக்கா தங்கைக்கோ இது வந்திருப்பது. இவற்றில் இரண்டு சேர்ந்தாலே, பன்னிரண்டாவது வாரத்திலிருந்து தினமும் குறைந்த அளவு ஆஸ்பிரின் கொடுக்கலாம் என்பது இன்று பல நாடுகளின் மருத்துவ வழிகாட்டி. 2017இல் வெளிவந்த ஆஸ்ப்ரீ ஆய்வில், ஆபத்து அதிகமுள்ள பெண்களுக்கு 16 வாரத்துக்கு முன்பே 150 மில்லிகிராம் ஆஸ்பிரினை இரவில் கொடுக்கத் தொடங்கினார்கள். 37 வாரத்துக்கு முன் பிள்ளையை எடுக்கவேண்டி வரும் பிரீஎக்ளாம்ப்சியா அவர்களிடம் 4.3 விழுக்காட்டிலிருந்து 1.6 விழுக்காடாகக் குறைந்தது. வாய்க்கால் அகலமாகும் பருவம் அதுதான் என்பதால், பதினாறு வாரத்துக்கு முன் தொடங்கினால்தான் நல்ல பலன். யாரும் தானாக வாங்கிப் போட்டுக்கொள்ளும் மாத்திரை இல்லை இது, மருத்துவர்தான் சொல்லவேண்டும். ஆனால் கேட்கலாம்.

எனக்கு முதல் பிள்ளை என்பது எல்லாருக்கும் தெரியும். அம்மாவின் கதை தெரிந்திருந்தால் இரண்டாவது காரணமும் சேர்ந்திருக்கும். திருப்பூரில் முதல் நாள் ஃபைல் போடும்போது என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: “வீட்ல யாருக்காவது பி.பி., சுகர் உண்டா?” நானும் “அம்மாவுக்கு பி.பி., அப்பாவுக்கு சுகர்” என்றேன். எந்த வீட்டில்தான் இல்லை? எழுதிக்கொண்டு அடுத்த பக்கம் திருப்பினார்கள். ஆஸ்பிரின் கொடுத்திருந்தாலும் எனக்கு இது வந்திருக்கலாம், தள்ளியும் போயிருக்கலாம், வராமலும் இருந்திருக்கலாம். அதை அறிய வழியில்லை. ஆனால் கேள்வி அந்த மாணவி கேட்டதுபோல் இருந்திருக்கவேண்டும். உன் அம்மாவுக்கு, உன் அக்காவுக்கு, பிள்ளை வயிற்றில் இருந்தபோது பி.பி. ஏறியதா? வலிப்பு வந்ததா? ஜன்னி என்றார்களா? எட்டாம் மாதமே பிள்ளையை எடுத்தார்களா? பிள்ளை இறந்து பிறந்ததா? யாரும் கேட்கவில்லை என்றால் நாமே போய் அம்மாவிடம் கேட்கவேண்டும். அவர்கள் சொல்லத் தயங்குவார்கள். மசக்கையில் இருக்கும் பெண்ணிடம் செத்த பிள்ளையைப் பற்றிப் பேசினால் ஆகாது என்ற பயம் அவர்களுக்கு உண்டு. என் அம்மா வாய் திறக்காமல் இருந்ததும் என் மேல் இருந்த பாசத்தினால்தான்.

வீட்டில் ஒருவர், நான் ஆபீஸ் டென்ஷனால் பி.பி.யை ஏற்றிக்கொண்டேன் என்று சொன்னார். ஹைப்பர்டென்ஷன் என்ற பெயருக்குள் ‘டென்ஷன்’ இருப்பதால் வரும் வினை இது. அந்தச் சொல் குழாய்க்குள் இருக்கும் அழுத்தத்தைக் குறிக்கிறது, மனசை இல்லை. மனசைக் கட்டுப்படுத்தத் தெரியாததால் வந்தது என்று ஒரு பெண்ணிடம் சொல்வது, நஞ்சுக்கொடி செய்ததற்கு அவளைக் குற்றவாளி ஆக்குவது. படுத்தே கிடந்தால் வராது என்பதற்கும் ஆதாரம் இல்லை. உதவுவது கால்சியம். உணவில் சுண்ணாம்புச்சத்து குறைவாக இருக்கும் பெண்களுக்கு அது ஆபத்தைக் குறைக்கிறது. நாளுக்கு 1500 மில்லிகிராம் வேண்டும் என்றிருந்தார்கள். பெங்களூரில் பதினோராயிரம் கர்ப்பிணிகளிடம் நடந்து 2024இல் வெளியான ஆய்வில், பிரீஎக்ளாம்ப்சியாவைத் தடுப்பதில் 500 மில்லிகிராம் அதற்குக் குறைந்ததாக இல்லை என்று தெரிந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கும் கால்சியம் மாத்திரையை நான் பாதி நாள் மறந்திருக்கிறேன். அதை இப்போது வருத்தத்தோடுதான் எழுதுகிறேன். ஏற்கெனவே பி.பி. மாத்திரை சாப்பிடுகிறவர்கள் பிள்ளை பெற நினைக்கும்போதே மருத்துவரிடம் சொல்லிவிடவேண்டும். டெல்மிசார்டன், எனலாப்ரில் போன்றவை வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது. லேபெட்டலால், நிஃபெடிபின், மெத்தில்டோபா என்று மாற்றித் தருவார்கள்.

அப்புறம், தாய்வீடு போகும் வழக்கம். அதை நான் குறை சொல்லமாட்டேன், அந்த ஏழாம் மாதத்துக்குப் பிறகு அம்மா கையால் சாப்பிடுவதற்கு ஈடு இல்லை. ஆனால் இந்த நோய் தலைகாட்டும் வாரங்களும் நாம் ஊர் மாறும் வாரங்களும் ஒன்றாகவே விழுகின்றன. பார்த்த மருத்துவர் ஓர் ஊரில், பார்க்கப்போகும் மருத்துவர் வேறோர் ஊரில். சீர்த்தட்டு, புடவை, பழக்கூடை எல்லாம் வண்டியில் ஏறிய அன்று, ஃபைல் ஏறவில்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை. எண்கள் கூடவே வரவேண்டும். போனில் படம் எடுத்து வைத்திருந்தால்கூடப் போதும். ஒவ்வொரு முறையும் “எவ்வளவு?” என்று கேளுங்கள். “நார்மல்” என்று சொன்னால் மறுபடியும் கேளுங்கள்.

மருத்துவமனையில் இரண்டு நாள் தாக்குப்பிடித்தேன். பிள்ளையின் நுரையீரல் பக்குவமாவதற்கு டெக்சாமெதசோன் ஊசி, பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒன்றாக நான்கு போட்டார்கள். நான்காவது போட்டு முடிக்கும்போது தட்டணுக்கள் இறங்கத் தொடங்கியிருந்தன, தலைவலி நிற்கவில்லை. இனி காத்திருக்க முடியாது என்று அறுவைசிகிச்சைக்குக் கொண்டுபோனார்கள். பெண் பிள்ளை. 1 கிலோ 620 கிராம். பச்சிளங்குழந்தைகள் சிறப்புப் பிரிவில் பத்தொன்பது நாள் இருந்தாள். அதில் கடைசிப் பத்து நாள் என் மார்போடு சேர்த்துக் கட்டிய துணிக்குள்ளேயே வளர்ந்தாள்.

பிரசவத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். நான்காம் நாள் 158/104. பிரசவத்துக்குப் பிறகு மூன்று முதல் ஆறு நாளுக்குள் அழுத்தம் மறுபடி ஏறுவது வழக்கமாம். வலிப்பு பிள்ளை பிறந்த பிறகும் வரலாம், பெரும்பாலும் முதல் இரண்டு நாளில், சிலருக்கு வாரங்கள் கழித்தும். தீட்டு வீட்டில் படுத்திருக்கும் பெண் தலைவலி என்றால் கஷாயத்தோடு விட்டுவிடாமல் முதலில் பி.பி. பார்க்கவேண்டும். எனக்கு ஆறு வாரம் மாத்திரை தேவைப்பட்டது. அதன்பின் நின்றது. ஆனால் இந்த நோய் வந்த பெண்களுக்குப் பிற்காலத்தில் இதய நோயும் பக்கவாதமும் வரும் வாய்ப்பு மற்றவர்களைப் போல் சுமார் இரண்டு மடங்கு. அதனால் ஆண்டுக்கு ஒருமுறையாவது அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கச் சொன்னார்கள். அம்மாவுக்கு நாற்பது வயதிலேயே பி.பி. வந்தது. இருபது வயதில் அவள் உடம்பில் நடந்ததோடு அதைச் சேர்த்துப் பார்க்க அந்த இருபது ஆண்டும் யாருக்கும் தோன்றவில்லை.

மகள் வீட்டுக்கு வந்த பிறகு, அவளுடைய தடுப்பூசி அட்டையை வைக்கும் ஃபைலில் ஒரு தாள் சேர்த்தேன். அவள் பெரியவளாகும்போது நான் பக்கத்தில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது இருக்கவேண்டும். ‘தாய்: 2019, 33ஆவது வாரம், தீவிர பிரீஎக்ளாம்ப்சியா, அறுவைசிகிச்சை. பாட்டி: 1983, எக்ளாம்ப்சியா’ என்று எழுதினேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். என்ன எழுதுகிறாய் என்று கேட்டாள். படித்துக் காட்டினேன்.

“ஆவணி மாசம்னு போடு” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, “பொம்பளப் புள்ளன்னும் போடு” என்றாள்.

போட்டேன்.

போன ஆண்டு சித்தி மகள் உண்டானபோது முதல் வேலையாகச் சித்தியிடம் கேட்டோம். தன் இரண்டாவது பிரசவத்தில் பி.பி. ஏறி, நாள் குறைவாகவே பிள்ளையை எடுத்ததைச் சித்தி அப்போதுதான் சொன்னார். தங்கச்சி அதைத் தன் மருத்துவரிடம் சொன்னாள். பதின்மூன்றாவது வாரத்தில் ஆஸ்பிரின் எழுதிக்கொடுத்தார்கள். அவள் இருப்பது ஓசூரில். வளைகாப்பு முடிந்து பட்டுக்கோட்டைக்கு வந்தபோது ஃபைலைக் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு வந்தாள். ஒவ்வொரு முறை பார்த்துவிட்டு வரும்போதும் எனக்கு ஒரு வாட்ஸ்அப் வரும். வேறு எதுவும் எழுதமாட்டாள்.

“அக்கா, 32 வாரம். 114/72.”

“34. 116/76.”

“36. 118/74. வளையல் ஓடுது.”